கணக்கு வராத பிள்ளைக்கு எந்தப் பிரிவு?

ஆண்டுதோறும் மே மாதம் பிறந்தால் தமிழ்நாட்டுத் தொழிலாளர் வீடுகளில் ஒரு வழக்கு நடக்கிறது. அந்த வழக்குக்கு வக்கீல் இல்லை, வாய்தா இல்லை, அப்பீலும் இல்லை. கூண்டில் நிற்பது பதினைந்து வயதுப் பிள்ளை. சாட்டப்படும் குற்றம், கணக்கில் மார்க்குக் குறைவு! தமிழில் எழுபது, சமூக அறிவியலில் எழுபத்தைந்து, அறிவியலில் அறுபது, கணக்கில் மட்டும் முப்பத்தெட்டு. பிள்ளை பத்தாவது தேறிவிட்டது. ஆனால் தேறியதற்காக ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுப்பாரில்லை. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்ற கேள்வி வாசலில் வந்து நின்றுகொண்டிருக்கிறது. சில நாட்களுக்குள் விண்ணப்பத் தாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் குறி போட்டுத் தீர வேண்டும்.

அந்தக் குறியை யார் போடுகிறார்கள்? எதைக் கண்டு போடுகிறார்கள்? இதைத்தான் இன்று நாம் பேச விரும்புகிறோம். ஆலையிலும் பட்டறையிலும் துறைமுகத்திலும் உழைத்துவிட்டு வீடு திரும்பும் தோழன், கூலி உயர்வுக்குப் பேச்சுவார்த்தை நடத்தத் தெரிந்தவன், தன் மகளின் பிரிவைத் தீர்மானிக்கிற இடத்தில் மட்டும் தலைமையாசிரியர் முன்னால் கைகட்டி நின்று, “நீங்க பார்த்துச் செய்யுங்க ஐயா” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறான். இந்தப் பேச்சுவார்த்தைக்கும் தயாரித்துக்கொண்டு போக வேண்டாமா?

ஊரில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சி சொல்லும்: “எப்படியாவது ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்துவிடு. பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்திருக்கிறான். கணக்கு இல்லாத படிப்பு ஒரு படிப்பா?” இரண்டாவது கட்சி சொல்லும்: “அவனுக்குத்தான் கணக்கு வரவில்லையே, ஏன் வீணாக வதைக்கிறாய்? எதிலாவது தள்ளிவிடு.” முதல் கட்சிக்குக் கௌரவம் பெரிது, இரண்டாவது கட்சிக்குப் பயம் பெரிது. பிள்ளை எந்த இடத்தில் இடறுகிறது, எந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறது என்று இரண்டு கட்சியும் கேட்பதில்லை. பெண் பிள்ளையாக இருந்துவிட்டாலோ, “பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு?” என்று மூன்றாவது குரல் ஒன்று அடுப்பங்கரைப் பக்கமிருந்து வரும். அதற்குத் தனியாக மறுப்பு எழுதித் தாளை வீணாக்க நாம் தயாராக இல்லை.

முதலில் வாசல்களைப் பார்த்துக்கொள்வோம். 1978இல் புகுமுக வகுப்பு போய், பள்ளிக்கூடத்திலேயே பதினொன்று, பன்னிரண்டு என்று மேல்நிலை வகுப்புகள் வந்தன. அன்று முதல் பதினைந்து வயதிலேயே பாதை பிரிகிறது. அதற்கு முந்திய எஸ்.எஸ்.எல்.சி. நாட்களிலும் ஜெனரல் கணக்கு, காம்போசிட் கணக்கு என்று பிரித்த காலம் உண்டு, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்று கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றோடு உயிரியல் சேர்ந்தால் ஒரு பிரிவு. கணினி அறிவியல் சேர்ந்தால் இன்னொரு பிரிவு. கணக்கை எடுத்துவிட்டுத் தாவரவியல், விலங்கியல் வைத்தால் ப்யூர் சயின்ஸ். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் சேர்ந்தது காமர்ஸ். அதற்குள்ளேயே நான்காம் பாடமாக வரலாறோ, கணினிப் பயன்பாடோ, வணிகக் கணிதமும் புள்ளியியலுமோ வரும். கலைப் பிரிவு உண்டு. தொழிற்கல்விப் பிரிவு உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிரிவும் இருப்பதில்லை என்பது வேறு கதை. கிராமத்துப் பள்ளியில் இரண்டே பிரிவு இருந்தால் பிள்ளைக்கு ஆசை இரண்டுதான் இருக்க வேண்டும் போலும்!

இந்தக் கதவுகளில் எது திறக்கும், எது மூடும்? பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007-08 கல்வியாண்டிலிருந்து கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைக் கொண்டு 200க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். அந்த 200இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பாதி எடை கணக்கின் மேல்! கணக்கில் 50, மற்ற இரண்டிலும் எழுபது எழுபது வாங்கிய பிள்ளைக்கு 50, 35, 35 ஆக 120. அந்த 120ஐ வைத்துக்கொண்டு கலந்தாய்வில் நிற்கும்போது நல்ல கல்லூரி இடங்கள் கரைந்திருக்கும். கடன் வாங்கி எங்கோ சேர்த்தால், முதல் பருவத்திலேயே அணிகளும் நுண்கணிதமும் காத்திருக்கின்றன. “எம்-ஒன் அரியர்” என்ற சொல் எத்தனை வீடுகளில் அடகுக் கடைச் சீட்டோடு சேர்த்துப் பேசப்படுகிறது என்பதைத் தோழர்கள் அறிவார்கள். 2021இல் டில்லியிலுள்ள தொழில்நுட்பக் கல்விக் குழு, பொறியியல் சேர பன்னிரண்டாவதில் கணக்குக் கட்டாயமில்லை என்னும்படி கையேட்டில் எழுதியது. எழுதியவுடன் நாடெங்கும் சலசலப்பு. விதியில் விலக்களிக்கலாம். கல்லூரிக்குள் காத்திருக்கும் கணக்குத் தாளுக்கு யார் விலக்களிப்பது?

ஆகவே கௌரவத்துக்காகக் கணக்கில் தள்ளாதீர்கள் என்கிறோம். ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவிகித இடம் ஒதுக்கி 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்கும் என்றார்கள். நம்முடைய பிள்ளைகளுக்கென்றே திறந்த வாசல் அது. பதினைந்து வயதில், ஒரு பரீட்சையில் முப்பத்தெட்டு மார்க்கு வாங்கியதற்காகக் கணக்கை உதறிவிட்ட பிள்ளைக்கு, அதே வாசலின் பொறியியல் பக்கம் அன்றே சாத்தப்படுகிறது. உதறுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய காரணம் இது.

கணக்கில்லாத பிரிவுகளைப் பற்றியும் பல மயக்கங்கள் உலவுகின்றன. ப்யூர் சயின்ஸ் எடுத்தால் கணக்குத் தொல்லை ஒழிந்தது என்கிறார்கள். இயற்பியல் கூடவே வருகிறதே, அது என்ன செய்யும்? திசைவேகமும் முடுக்கமும் திசையிலிகளும் வெக்டர்களும் கணக்கில்லாமல் நடக்குமா? மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் கணக்கு என்று தனித் தாள் இல்லை என்பது மெய். அதன் இயற்பியல் பகுதியில் பாதிக்குமேல் கணக்குப் போட்டே விடை காண வேண்டும் என்பதும் மெய். செவிலியர் படிப்பு, தாவரவியல், விலங்கியல் என்று நாடுகிற பிள்ளைக்கு இந்தப் பிரிவு பொருத்தம். இயற்பியலிலும் சேர்த்து இடறுகிற பிள்ளைக்கு இது தஞ்சமாகாது.

வணிகக் கணிதம் என்ற பெயரைக் கேட்டுப் பல பெற்றோர் ஏமாறுகிறார்கள். கடைக் கணக்கு, வட்டிக் கணக்கு, அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். பதினோராம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள் தோழர்களே! அணிகள் இருக்கின்றன; முக்கோணவியல் இருக்கிறது; வகை நுண்கணிதம் இருக்கிறது; பிற்பாதியில் நிதியியல் கணிதமும் புள்ளியியலும் வருகின்றன. முழுக் கணிதத்தைவிட இலகுதான். ஆனால் கணக்கிலிருந்து ஓடி ஒளிய இடமன்று. கணக்குப்பதிவியல் வேறு சரக்கு. பற்று எது, வரவு எது என்ற ஒழுங்கும், கூட்டல் கழித்தல் சதவிகிதமும், பொறுமையும் அதற்குப் போதும். எக்ஸ் என்றும் ஒய் என்றும் பார்த்து நடுங்கிய எத்தனையோ பெண்கள் பேரேட்டில் தடுமாறாமல் நடக்கிறார்கள். காமர்ஸ் என்றால் மட்டமென்று எண்ணும் நோய் ஒழிய வேண்டும். ஆடிட்டராகும் ஆசையிருந்தால் மட்டும் ஒன்று நினைவில் வையுங்கள்: சி.ஏ. முதல்நிலைத் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஒரு தாளாகவே உண்டு. கணினிப் படிப்பு வேண்டுமென்றால், பட்டப் படிப்பில் சேர கணக்கோ கணினி அறிவியலோ வணிகக் கணிதமோ பன்னிரண்டாவதில் இருக்க வேண்டுமென்று கேட்கிற கல்லூரிகள் பல. கல்லூரிக்குக் கல்லூரி இது மாறுகிறது, விசாரிக்காமல் விடாதீர்கள்.

“அப்படியென்றால் பத்தாவதோடு பாலிடெக்னிக்கில் போட்டுவிடுகிறேன்” என்று சொல்லும் தோழர்களையும் நாம் சந்தித்திருக்கிறோம். போடலாம். பட்டறை வாசனை பிடித்த பிள்ளைக்கு அது அருமையான பாதை. டிப்ளமா முடித்து, பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழியிருக்கிறது. ஆனால் பாலிடெக்னிக் முதலாண்டில் காத்திருப்பது பொறியியல் கணிதம்! கணக்குக்குப் பயந்து அங்கே ஓடுகிறவன் பேருந்து நிலையத்தில் கடன்காரனைக் கண்டு ரயில் நிலையத்துக்கு ஓடி, அங்கே அவன் அண்ணனைச் சந்தித்த கதையாகிவிடும். ஐ.டி.ஐ.யில் பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் எந்தத் தொழிலை எடுத்தாலும் பட்டறைக் கணக்கு என்று பாடம் வைத்திருக்கிறார்கள். குரூப் நான்கு பரீட்சையில் 200 கேள்விகள் என்றால் அதில் 25 கணக்கும் அறிவுக் கூர்மையும்: சதவிகிதம், விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, வேலையும் நேரமும். எல்லாம் எட்டாவது, பத்தாவது சரக்கு. காமர்ஸ் படித்தாலும் தமிழ் இலக்கியம் படித்தாலும் அந்த 25 கேள்விகள் குறுக்கே வந்து நிற்கும்.

அப்படியானால் பிரிவைத் தேர்ந்தெடுப்பது ஒரு கேள்வி. கணக்கைச் செம்மைப்படுத்துவது வேறு கேள்வி. இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கணிதப் பிரிவு வேண்டாமென்று முடிவு செய்யலாம். கணக்கே வேண்டாமென்று முடிவு செய்ய முடியாது.

சரி, பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்கிறீர்களே, எது வரவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்டால் வீட்டில் மௌனம். பள்ளிக்கூடத்திலும் பெரும்பாலும் மௌனம். “எதுவுமே வரவில்லை” என்பார்கள். வயிற்றுவலிக்காரனை “எங்கே வலிக்கிறது?” என்று கேட்காமல் மருந்து கொடுக்கிற வைத்தியனை நாம் என்ன சொல்வோம்? பத்தாவதில் இருபடிச் சமன்பாட்டில் தோற்கிற பிள்ளை பெரும்பாலும் அங்கே தோற்கவில்லை. ஆறாவதில், ஏழாவதில் தோற்றிருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை வண்டி நிற்காமல் ஓடியது. சக்கரம் கழன்றது எந்த ஊரில் என்று யாருக்கும் தெரியாது.

இதோ ஒரு சோதனை. பிள்ளையைக் கூப்பிட்டு, அரையும் மூன்றிலொன்றும் கூட்டினால் எவ்வளவு என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மேலே ஒன்றும் ஒன்றும் கூட்டி இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் கூட்டி ஐந்து, ஆக ஐந்தில் இரண்டு என்று எழுதினால், நோய் அங்கே இருக்கிறது. அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். “அரைத் தோசை சாப்பிட்டாய். அதன்மேல் இன்னொரு துண்டும் சாப்பிட்டாய். மொத்தம் அரையைவிடக் கூடுமா, குறையுமா?” என்று கேளுங்கள். ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவாயிற்றே! அந்த முரண்பாட்டைத் தானே கண்டுகொண்ட பிள்ளை அதற்குப் பிறகு அந்தத் தவற்றைச் செய்யாது. ஆறில் ஐந்து என்று தானே வந்து சேரும். அடுத்தது குறை எண்கள். அடுத்தது விகிதமும் சதவிகிதமும். அதற்கடுத்தது, எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்து உட்காரும் அந்த முதல் நாள். இந்த நான்கு இடங்களில்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் விழுகிறார்கள்.

பின்னம் நமக்கு அந்நியச் சரக்கா? நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர்கள். கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகப் பிரித்துப் பதினாறில் ஒன்றுவரை வாயாலேயே போவார்கள். இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா என்று காகிதமில்லாமல் கணக்கிட்ட பரம்பரை! இதில் கசப்பான ஒரு பக்கமும் உண்டு: அந்தத் திண்ணையில் ஏற எல்லார் பிள்ளைக்கும் இடம் கிடைக்கவில்லை. கணக்குத் தெரிந்தவன் கணக்குப்பிள்ளையானான். தெரியாதவன் அவன் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தான். தோட்டத்திலும் பண்ணையிலும் எத்தனை குடும்பங்கள் அந்தக் கைநாட்டால் அழிந்தன!

இன்றைக்கு உழைக்கிறவன் கையில் கணக்கு இல்லையா? கொத்தனார் மூலைமட்டம் பிடிக்க ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று நூல் பிடிக்கிறார். பத்தாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் என்று பிள்ளை மனப்பாடம் செய்து மறக்கிறதே, அதுதான் இது. லேத் ஓட்டும் தோழர் ஒரு முனை 50 மில்லிமீட்டர், மறுமுனை 40, நீளம் 100 என்று டேப்பர் கடைய வேண்டுமென்றால் பத்தை இருநூறால் வகுத்து, அதற்குரிய கோணம் ஏறக்குறைய 2.9 டிகிரி என்று காம்பவுண்டு ஸ்லைடைத் திருப்புகிறார். முக்கோணவியலில் டேன் என்று வருகிறதே, அதுதான்! நூல் ஆலைத் தோழருக்கு நாற்பதாம் நம்பர் என்றால் தெரியும்: 840 கெஜம் கொண்ட சிட்டம் நாற்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். எதிர் விகிதம் என்று பாடப் புத்தகம் இதைத்தான் சொல்கிறது. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவிகிதம் என்று கோஷம் போட்டோமே, அந்த எண் எங்கிருந்து வந்தது? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்பதன் மறுபெயர் அது. இவற்றைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க நமக்குப் பட்டம் வேண்டுமா? அப்பாவின் கையிலுள்ள கணக்கும் புத்தகத்திலுள்ள கணக்கும் ஒன்றென்று தெரியவந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இந்தப் பயத்தை அரசியலாகவே பார்த்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ராபர்ட் மோசஸ் என்றொரு கறுப்பினத் தோழர், கணக்கு வாத்தியார். 1961இல் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போனார். கறுப்பின மக்களை ஓட்டர் பட்டியலில் சேரவிடாமல், எழுத்தறிவுச் சோதனை என்று ஒன்றை வைத்து வெள்ளை அதிகாரிகள் விரட்டிக்கொண்டிருந்த காலம். அடியும் உதையும் சிறையும் பெற்று அங்கே அவர் அமைப்பு வேலை செய்தார். 1964இல் நடந்த மிசிசிப்பி கோடைக்காலப் போராட்டத்தின் முன்னணித் தலைவர் அவர். அத்தகையவர் 1980களில் என்ன செய்தார் தெரியுமா? அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்க ஓர் இயக்கம் தொடங்கினார்! ஏன்? தம் மகள் படித்த பள்ளியிலேயே எந்தப் பிள்ளைகள் அல்ஜீப்ராவுக்குப் போகிறார்கள், எந்தப் பிள்ளைகள் போகாமல் நின்றுவிடுகிறார்கள் என்று பார்த்தார். ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் நின்றுவிடுகிற பக்கத்தில் குவிந்திருந்தார்கள். அன்று ஓட்டுச் சாவடி வாசலில் நின்ற காவற்காரன் இன்று அல்ஜீப்ரா வகுப்பின் வாசலில் நிற்கிறான் என்று கண்டார். 2021இல் காலமாகும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை.

அவர் கையாண்ட முறைதான் நமக்கு வேண்டியது. குறை எண்களைக் கரும்பலகையில் தொடங்கவில்லை. பிள்ளைகளை நகர ரயிலில் ஏற்றினார். நாமும் ஏற்றலாமே! கடற்கரை, தாம்பரம் மின்சார ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கோடம்பாக்கத்தைப் பூஜ்யம் என்று வைப்போம். தெற்கே மாம்பலம் ஒன்று, சைதாப்பேட்டை இரண்டு. வடக்கே நுங்கம்பாக்கம் குறை ஒன்று, சேத்துப்பட்டு குறை இரண்டு, எழும்பூர் குறை மூன்று. எழும்பூரில் ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்கினால் எத்தனை நிலையம் கடந்தோம்? விரல் விட்டு எண்ணினால் ஐந்து. தாளில் எழுதினால், இரண்டிலிருந்து குறை மூன்றைக் கழிக்க ஐந்து. கழித்தலும் குறையும் சேர்ந்தால் கூட்டல் என்று வாத்தியார் பிரம்பை நீட்டிச் சொன்ன மந்திரம், ரயில் சீட்டிலேயே விளங்கிவிடுகிறதல்லவா!

இனிப் பள்ளிக்கூடத்தின் பக்கம் வருவோம். நம் ஆசிரியர்களைக் குறை சொல்வது நம் நோக்கமன்று; எண்ணற்ற ஆசிரியர்கள் சொந்த நேரத்தைச் செலவிட்டு நம் பிள்ளைகளைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். ஆனால் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் துணி கட்டும் ஆசை சில பள்ளிகளை ஆட்டிப் படைக்கிறது. கணக்கில் இடறக்கூடிய பிள்ளை கணிதப் பிரிவில் இருந்தால் அந்த நூறு தொண்ணூற்றொன்பதாகிவிடுமே! ஆகவே, “உங்க பையனுக்கு இது சரிப்படாதுங்க” என்று அன்பாக வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். அது பிள்ளையின் நன்மைக்காகச் சொன்ன யோசனையா, பள்ளியின் விளம்பரத்துக்காகச் சொன்ன யோசனையா என்று நீங்கள் பிரித்தறிய வேண்டும். கேட்டால் தெரிந்துவிடும். “எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் அவன் பின்தங்கியிருக்கிறான் ஐயா? நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேளுங்கள். காட்டி விளக்குகிற ஆசிரியரின் பேச்சுக்கு மதிப்புக் கொடுங்கள். அவர் உங்கள் பிள்ளையைப் பார்த்திருக்கிறார். மார்க்கு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறவர் பார்க்கவில்லை.

இன்னொன்று கேளுங்கள். பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இங்கே முழுவதும் நடத்துவார்களா? முன்பு பல தனியார் பள்ளிகள் பதினொன்றைத் தாண்டிக் குதித்து, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு நிறுத்தப்பட்டது. பிள்ளையின் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது நல்லதே. ஆனால் பழைய வித்தை மறுபடி தலைகாட்டினால் முதலில் சாகிறவன் கணக்கில் மெலிந்த பிள்ளைதான். சார்புகள், முக்கோணவியல், எல்லை, வகையிடல் எல்லாம் பதினொன்றில் பிறக்கின்றன. பன்னிரண்டில் அவற்றின் பயன்பாடுதான். அடித்தளம் போடாமல் மாடி கட்டினால் என்னாகும் என்று கொத்தனார் தோழருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மத்திய வாரியப் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் தோழர்களுக்கும் ஒரு சொல். அங்கே 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாவதிலேயே கணக்குக்கு ஸ்டாண்டர்டு, பேசிக் என இரண்டு வினாத்தாள். பாடம் ஒன்றே, வகுப்பு ஒன்றே. கேள்வித்தாள்தான் கடினமும் இலகுவும். மேற்கொண்டு கணக்குப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஸ்டாண்டர்டு என்பது அந்த ஏற்பாட்டின் கருத்து. பேசிக் எழுதிய பிள்ளை பதினொன்றில் என்னென்ன எடுக்கலாம் என்பதைத் தாளில் குறி போடும் முன்பே பள்ளியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இலகுவான கேள்வித்தாள் என்று பத்தாவதில் எடுக்கிற முடிவு, பதினொன்றில் வந்து கழுத்தைப் பிடிக்கலாம்.

சில பிள்ளைகளின் நிலை வேறு. எத்தனை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாலும் எண்கள் இடம் மாறிப்போகும். பத்துவரை எண்ணக்கூட விரல் தேடும். கடிகாரம் பார்க்கத் திணறும். சோம்பேறித்தனமென்று சொல்லிவிடாதீர்கள். டிஸ்கால்குலியா என்று மருத்துவம் பெயர் வைத்திருக்கிறது; 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாடுகளில் ஒன்றாக அதை ஏற்றிருக்கிறது. அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சான்று பெற்றால் பரீட்சையில் சலுகை கேட்க வழியுண்டு. அதற்கும் முன்னால் கண்ணைப் பரிசோதியுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை தெரியாமலே கணக்கில் தோற்ற பிள்ளைகள் உண்டு.

முடிவெடுக்க நாம் சொல்லும் வழி நீளமானதன்று. பத்தாவது பரீட்சை முடிந்து பதினொன்று தொடங்கும்வரை ஏறக்குறைய இரண்டு மாதம் கிடைக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் ஆறாவது முதல் எட்டாவது வரையுள்ள கணக்குப் புத்தகங்களை மட்டும் பிள்ளையின் கையில் கொடுங்கள். பதினொன்றாவது டியூஷன் வேண்டாம். நாளைக்கு ஒரு மணி நேரம். படிப்பகத்தில் கல்லூரி மாணவத் தோழர் ஒருவர் உட்கார்ந்தால் பத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கட்சிக் கிளைகள் கொடியேற்றுவதோடு இதையும் செய்யலாம். மாத முடிவில் பாருங்கள். அடைபட்டது திறந்து, பிள்ளை தானாக அடுத்த கணக்குக்குப் போகிறதா? இயந்திரத்தின் மேலோ கட்டடத்தின் மேலோ கணினியின் மேலோ ஆசையும் இருக்கிறதா? அப்படியானால் முப்பத்தெட்டு மார்க்கைக் கண்டு அஞ்சாமல் கணிதப் பிரிவைக் கேளுங்கள். உயிரியலையும் சேர்த்துச் சுமத்தி இரட்டைச் சுமையாக்காதீர்கள். கணினி அறிவியலோடு போதும். அடிப்படை சரியாகியும் எழுத்துக் கணக்கில் மனம் ஒட்டவில்லை, கடையும் கணக்கும் மனிதரும் பிடிக்கிறது என்றால் காமர்ஸ். தெம்பிருந்தால் வணிகக் கணிதத்தோடு, இல்லாவிட்டால் கணினிப் பயன்பாட்டோடு. கைவேலையில் கண் மின்னுகிறது என்றால் தொழிற்கல்வி, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக். பிள்ளை சொல்லும் விருப்பத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சில் மழுப்புகிறது, எழுதும்போது யோசிக்கிறது.

சேர்த்தாயிற்று, ஆனாலும் மூன்றாவது வாரத்தில் பிள்ளை முகம் வாடிக் கிடக்கிறதா? உடனே பள்ளிக்குப் போங்கள். வேறு பிரிவில் இடமிருந்தால் தொடக்க வாரங்களில் மாற்றிக் கொடுக்கிற பள்ளிகள் உண்டு. காலாண்டுப் பரீட்சை தாண்டிவிட்டால் பேச்சு கடினமாகும். வேலைக்கு அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும். போடுங்கள். போகும்போது பிள்ளையின் கணக்கு நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.